ரதிக்குக் கட்டிய காப்பு

மூக்கனுக்குக் காப்புக் கட்டலாமா கூடாதா என்று தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பெரிய சண்டையே மூண்டுவிட்டது. மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் என்றால் அது மூக்கன்தான். சேலையைக் கட்டிக்கொண்டு, எரிந்துபோன புருஷனுக்காக அவன் ஒப்பாரி வைத்தால் கல் மனசுக்காரக் கங்காணிகூட மூக்கைச் சிந்துவார். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் அந்த ரதியின் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் செந்திட்டுகள் படர்ந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது.

காமனாக ஆடுகிறவன் அழகன். அவன் ஒரே பிடியாக நின்றான்.

"ரதி கையப் புடிச்சுத்தான் ஆடணும். பெருவியாதிக்காரன் கைய நான் எப்படிங்க புடிக்கிறது?"

"பெருவியாதின்னு ஒனக்கு எந்த டாக்டரு சொன்னாரு?" என்று சீறினாள் மூக்கனின் மனைவி பேச்சியம்மா. சீறினாளே தவிர, அது குஷ்டமாகவே இருந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

காரணம் இருந்தது. மூக்கனுக்குத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. டீமேக்கர் ஐயா அவன் முழங்கையைப் பார்த்துவிட்டார். "கூடிக்கிட்டே போனா டாக்டர்கிட்ட அனுப்பிருவேன். பெருவியாதின்னு சொல்லிட்டாருன்னா ஒனக்குப் பத்துச்சீட்டுதான்" என்று சொல்லியும்விட்டார். வேலையை விட்டு நிறுத்தும் அந்தச் சீட்டு கையில் விழுந்தால் தோட்டத்தில் பேர் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பரா இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமையும் இல்லாதவன் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவான்?

இந்தப் பயத்துக்கு மூக்கன் கண்டுபிடித்த மருந்து நோர்வூட் ரோட்டில் இருந்த சாராயத் தவறணை. சாராயம் உள்ளே போனால் நோய்ப் பூச்சியெல்லாம் செத்துவிடும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிக்கொடுத்திருந்தான். குடிக்க ஒரு காரணம் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா? முக்கால்வாசியைக் குடித்தான், மிச்சத்தைத் திட்டுகளில் தேய்த்தான். தேய்த்த இடம் தீயாக எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மறுபடியும் குடித்தான்.

கடைசியில் கூத்து வாத்தியார் வீரய்யாதான் சண்டையை முடித்தார். "அப்ப நீ சேலை கட்டுறியாடா?" என்று ஒரு கேள்வியில் அழகனின் வாயை அடைத்தார். ஒத்திகை தொடங்கும் தைப்பூசத்தன்றே மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். "கயிறு கையில இருக்குற வரைக்கும் கறியும் ஆகாது, சாராயமும் ஆகாது. மீறினா காமன் சும்மா விடமாட்டாரு" என்று சொல்லிக் கட்டினார்.

முதல் வாரம் மூக்கன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, பேச்சியம்மா வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தான். தவறணைப் பக்கம் கால் இழுக்கும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். சாமியிடம் இருந்த பயம் பெண்டாட்டியிடம் இருந்திருந்தால் அவன் என்றைக்கோ உருப்பட்டிருப்பான்.

விடிந்ததும் பாயை உதறிக் கூட்டுவது பேச்சியம்மாவின் வேலை. கைப்பிடி அளவு வந்த செதில், மாசி பிறந்தபோது ஒரு சிட்டிகைக்குக் குறைந்திருந்தது. திட்டுகளின் சிவப்பு மங்கியது. அழகனே முகம் சுளிக்காமல் கையைப் பிடித்து ஆடினான். காமன் கண்ணைத் திறந்துவிட்டார் என்று லயமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

காமனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்பி, காலையில் ஓடையில் இறங்கிக் காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். கரையேறியதும் சாராயப் போத்தல் திறப்பதும் வழக்கம்தான். காமனே சுகமாக்கிய உடம்புக்கு இனி என்ன பயம்? மூக்கன் முதல் ஆளாகக் கையை நீட்டினான்.

சித்திரைக்குள் எல்லாம் திரும்பி வந்தது, முதுகையும் சேர்த்துக்கொண்டு. ரதி ஏதோ தீட்டுப் பண்ணிவிட்டான், அதுதான் சாமி திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று லயம் பேசியது. மூக்கனும் அதையே நம்பினான். அவமானத்தில் இன்னும் குடித்தான். டீமேக்கர் சொன்னபடியே அவனை டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் திட்டில் ஊசியால் குத்தினார்.

"ஐயோ சாமி, வலிக்குதுங்க!"

"வலிச்சா நல்லது" என்றார் அவர். "பெருவியாதின்னா குத்துறதே தெரியாது. இது அது இல்ல. யாருக்கும் ஒட்டாது. சோரியாசிஸ்னு ஒரு தோல் நோய். அடியோட போகாது, வரும், அடங்கும். குடிக்கிறியா?"

மூக்கன் சுவரைப் பார்த்தான். "குடிக்கிறாருங்க" என்றாள் கூட வந்திருந்த பேச்சியம்மா.

"குடிச்சா இது கூடும். விட்டா நெறையப் பேருக்கு அடங்கிப் பார்த்திருக்கேன்."

ஹட்டன் பஸ்ஸில் திரும்பும்போது பேச்சியம்மா அடக்கிவைத்திருந்ததைக் கொட்டினாள். "சாமி சுகமாக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்லங்க. கயிறு இருந்துச்சு, நீங்க குடிக்கல. கயித்த அவுத்தாங்க, குடிச்சீங்க. அம்புட்டுத்தான்." மூக்கனுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம்.

ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் டீமேக்கர் முழுதாக இறங்கி வரவில்லை. கொழுந்தில் செதில் விழக்கூடாது, அடங்கும்வரை விறகுக் காம்பராவில் நில், அடுத்த பங்குனிக்கும் இப்படியே இருந்தால் பத்துச்சீட்டு என்றார். மூக்கன் குடியை விட்டான், தொட்டான், மறுபடி விட்டான். அந்த வருடம் முழுவதும் பேச்சியம்மா பாயைப் பயந்து பயந்துதான் உதறினாள்.

தைப்பூசம் வந்தது. காப்பு ஏறியது. போன வருடம் போலவே தோலும் அடங்கியது. காப்பு அவிழ்க்கும் காலையும் வந்தது. மறுநாள் டீமேக்கர் அவனை வரச் சொல்லியிருந்தார்.

பனி விலகாத ஓடைத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். அழகன் கரைமேல் போத்தலைத் திறந்துவிட்டான். வாசம் மூக்கில் ஏறியதும் மூக்கனின் நாக்கு ஊறியது. மேட்டில் துணிமூட்டையோடு நின்ற பேச்சியம்மாவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீரய்யா அவன் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சை நெகிழ்த்தினார். மூக்கன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாண்ணே. இருக்கட்டும்."

"பைத்தியமாடா ஒனக்கு? காமன் மலையேறிட்டாரு. அவுக்காம வுட்டா தோட்டத்துக்கே ஆகாது. கூத்து முடிஞ்சிருச்சுடா!"

"காமனுக்கு முடிஞ்சிருச்சுண்ணே" என்றான் மூக்கன். "எனக்கு முடியல. இது போயிருச்சுன்னா நான் அந்தப் போத்தல எடுத்துருவேன். இப்பவே எடுத்துருவேண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. அழகன் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வீரய்யா பாதி நெகிழ்ந்த முடிச்சையும், முழங்கையில் இன்னும் மிச்சமிருந்த ஒரு திட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கட்டிய எந்தக் காப்பும் இதுவரை அவிழாமல் இருந்ததில்லை.

"நீட்டு கைய" என்றார்.

மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். வீரய்யா கயிற்றை இழுத்து, முன்பைவிட இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டார். "அப்ப சாகுற வரைக்கும் நீ ரதிதான்டா" என்றார்.

மூக்கன் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். வேஷம் இல்லாமல் அவன் அழுததைத் தோட்டம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது.