பேஸ்மென்ட் மெசினில் ஏறிய தண்ணீர்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டில்தான் வோஷிங் மெசினும் இருந்தது. மேலே குடியிருந்த வீட்டுக்கார அக்காவுக்கும் எங்களுக்கும் அது பொது. கொஞ்ச நாளாக அது இடைக்கிடை மட்டில்லாமல் நிரம்பி, நிலமெல்லாம் வழியத் தொடங்கியது. அக்கா படியிறங்கி வந்தார். பழி நேரே என் தலையில் விழுந்தது.

"கண்ட கண்ட பட்டனை அமத்தினா மிசின் என்ன செய்யும்? இன்னொருக்கா வழிஞ்சா வேறை வீடு பாருங்கோ."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். எனக்காக ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். "இவவுக்கு மிசின் பழக்கமில்லை அக்கா, நான் சொல்லிக் குடுக்கிறன்" என்றாரே மனுசன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொட்டுகிற பனிக்குள் வீடு தேடி எங்கே அலைவது? போனில் வீடியோக்களைப் பார்த்து, மெசினைத் திருத்த நானே இறங்கினேன். தண்ணீர் ஏறும்போது பிளக்கைக் கழற்றினேன். உடனே நின்றது. அப்படியென்றால் தண்ணீரை விடும் வால்வில் பிழையில்லை. பின்பக்கத்தைத் திறந்து, தண்ணீரின் மட்டத்தை மெசினுக்கு உணர்த்தும் மெல்லிய குழாயை ஊதிப் பார்த்தேன். அடைப்பும் இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, உடுப்பைப் போட்டு ஓடவிட்டேன். சரியான மட்டத்தில் நின்றுவிட்டது சனியன்! நான்தான் எங்கேயோ பிழை விடுகிறேனாக்கும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை வழமையைவிட வெள்ளன முடிந்து வீட்டுக்கு வந்தேன். மெசினை இடையில் நிறுத்தி, மூடியைத் திறந்து, வாளியால் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார் என் கணவர். உள்ளே அவர் கோயிலுக்குக் கட்டும் வேட்டி.

"என்ன செய்யிறியள்?"

"உந்த மிசின் விடுற தண்ணி வேட்டி நனையவே காணாது. வடிவா அலசாத வேட்டியோட கோயிலுக்குப் போகேலுமே?"

"அப்ப இவ்வளவு நாளும் வழிஞ்சது உங்களாலயோ?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அக்கா என்னில நல்ல மரியாதை வைச்சிருக்கிறா. உம்மை எண்டா ரெண்டு பேச்சோட விட்டிடுவா எண்டு நினைச்சன்."

பாவி! நான் அந்த மெசினுக்குப் பின்னால் முழங்காலில் நின்று குழாய் ஊதியபோது, சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்த மனுசன் இவர். தெரிந்துகொண்டே குடித்திருக்கிறார். நான் படியடியில் நின்று சத்தமாக அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்தார். வாளியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட தம்பி, கோயில் வேட்டிக்கோ இந்தப் பாடு! முதலே சொல்லியிருக்கலாமே. வீடு ஒண்டும் மாற வேண்டாம், இருங்கோ."

என் கணவரும் சேர்ந்து சிரித்தார். என்னைப் பார்த்து மன்னிப்பாய் ஒரு வார்த்தை? இரண்டு பேரிடமும் இல்லை. அதன் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்குத்தான் மனம் வரவில்லை.