இரண்டு பேர் எழுதிய பரீட்சை

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பள்ளி ஒன்றில் நான் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எம்.ஏ. வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. ஆசிரியர்களும் பெண்களும் கல்லூரிக்குப் போகாமலே பரீட்சை எழுதலாம் என்று விதி இருந்தது. அந்த விதியில் 'பெண்கள்' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. விண்ணப்பம் ஒன்றுதான் வாங்கிவந்தேன்.

நான் பயந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளுக்கு. கவிதை, நாவல், உழைப்பையும் வறுமையையும் பற்றி அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எழுதிய நீளநீளமான கட்டுரைகள் எல்லாம் அதில் அடக்கம். எங்கள் ஊரில் அந்தப் புத்தகங்கள் கிடைக்காது. கடலூரில் கல்லூரி வேலையில் இருந்த நண்பன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை இருபது நாளைக்கு இரவல் கொடுத்தான். அதை என் மனைவியிடம் நீட்டி, "முக்கியமானத மட்டும் நோட்டுல எழுதி வச்சிடு" என்றேன். அவள் பி.ஏ. படித்தவள். ஆனால் நான் கொடுத்தது அவள் கையெழுத்து அழகு என்பதற்காகத்தான்.

அவள் எழுதி முடித்த நோட்டைப் புரட்டினேன். உழைப்பின் மேன்மையை ஒருவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்த இடத்தில், ஓரமாக, பென்சிலில் தமிழ் வரி ஒன்று இருந்தது: 'இவரு ஒரு நாளாவது சூளைக்கு முன்னால நின்னிருப்பாரா?'

அவள் அப்பா பீங்கான் தொழிற்சாலையில் சூளை அடுக்கியவர்.

"இது யாரு எழுதினது?"

"நாந்தாங்க. தோணுச்சு, எழுதிட்டேன். அழிச்சிடவா?"

மேலும் புரட்டினேன். எல்லா ஓரங்களிலும் பென்சில். நான் எழுதச் சொல்லாத கட்டுரைகளையும் படித்திருந்தாள். நானோ அதுவரை கைடைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

"நீயும் பரீட்சை எழுதேன்" என்றேன்.

"ஃபாரம் இன்னும் குடுக்கறாங்களா?"

யோசிக்காமல் வந்த அந்தக் கேள்வியில்தான், எவ்வளவு நாளாக இதை மனதில் வைத்திருந்தாள் என்று புரிந்தது.

கடலூரில் ஒரே அறையில் எழுதினோம். நான் முதல் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெஞ்சு முன்னால் அவள் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள்.

முதல் வருஷத் தாள்களின் முடிவு பேப்பரில் வந்தது. ரயில் நிலையத்துக் கடையில் நின்றபடி மூன்று தடவை பார்த்தேன். அவள் எண் இருந்தது. என் எண் இல்லை.

"உன் நம்பர் இருக்குது" என்றேன் வீட்டுக்கு வந்து.

"உங்களுது?"

"இல்ல."

அவள் கண் கலங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாஸ் பண்ணவ எதுக்கு அழுவுற?" என்று கத்தினேன். இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், பள்ளியில் கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னா சார், ரிசல்ட்டு?"

"என் சம்சாரம் பாஸு. நான் ஃபெயிலு."

சிலர் சிரித்தார்கள். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. கணக்கு வாத்தியார் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுலயும் பி.ஏ. தான் சார். அந்த ஃபாரம் எங்க கெடைக்கும்?" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். "அந்தப் பத்தொம்பதாம் நூற்றாண்டுத் தாள்ல நான் எங்க கோட்ட விட்டேன்?"

பாடத்திலிருந்த ஒரு கவிதையைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். நிலம் பறிபோய் ஊரைவிட்டுப் போகும் ஒரு குடியானவனின் பாட்டு. பிரிவுத் துயரம், இயற்கை வருணனை என்று கடகடவென ஒப்பித்தேன்.

"அது கைடுல இருக்குது. உங்களுக்கு என்னா தோணுச்சு?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அம்மா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் கிணறே இல்லை.

"இத எழுதியிருந்தா பாஸ் போட்டிருப்பாங்க" என்றாள்.

"பரீட்சையில போயி கெணத்துக் கயித்தப் பத்தி எழுதறதா?"

"கயித்த எழுத வேணாம். அத மனசுல வச்சிக்கிட்டு அந்தப் பாட்டப் பத்தி எழுதுங்க."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கணக்கு வாத்தியார் மனைவியும் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தார். நாவலில் வரும் பெண்களைப் பற்றி அவர்கள் இருவரும் சண்டை போடுவார்கள், நான் குறிப்பெடுப்பேன். அடுத்த பரீட்சைக்கு, என் மனைவி இரண்டாம் வருஷத் தாள்களுக்கும் நானும் கணக்கு வாத்தியார் மனைவியும் முதல் வருஷத் தாள்களுக்குமாக, மூன்று பேராகக் கடலூருக்கு ரயில் ஏறினோம். மூன்று பேரும் தேறினோம். கடைசியில் நான் வாங்கிய எம்.ஏ. மூன்றாம் வகுப்புதான். என் மனைவி பின்னாளில் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, நான் தோற்ற அதே தாளை நடத்தினாள்.