பன்னிரண்டு பேரும் எழுதிய ஒரே பதில்

1. சிரித்துக்கொண்டு வந்தவர்கள்

மாணவர்கள் சிரித்துக்கொண்டே பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்தால் வாத்தியாருக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மைசூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. சேர வருகிற பட்டதாரிகளுக்கு இங்கிலீஷில் ஒரு நுழைவுப் பரீட்சை வைப்பார்கள். வொகாபுலரி ஒரு பகுதி, காம்ப்ரிஹென்ஷன் ஒரு பகுதி. அதில் தேறாவிட்டால் சொந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் இடம் கிடையாது. அந்தப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு டுடோரியலில் நான் ட்யூட்டராக இருந்தேன். எனக்கு வயது இருபத்து நான்கு. அந்த வருஷம் என்னிடம் படித்தவர்கள் பன்னிரண்டு பேர்.

முதலில் வெளியே வந்தவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சார், நீங்க குடுத்த பேஸேஜே வந்திருக்கு. கேள்வி அஞ்சும் அதேதான்."

பேஸேஜ் ஒத்துப்போகலாம். ஊரில் இருக்கிற நல்ல இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லோருக்கும் பொதுதானே. ஐந்து கேள்விகளும் வார்த்தை பிசகாமல் எப்படி ஒத்துப்போகும்? அந்தக் கேள்விகள் நான் தயாரித்தவை அல்ல என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவனைச் சத்தம் போடாதே என்று அடக்குவதற்குள் மற்றவர்களும் வந்து அதையே சொன்னார்கள். வேறு டுடோரியல் மாணவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நேராகக் கல்லூரி ஆபீஸை நோக்கி நடந்ததையும் பார்த்தேன்.

2. எடைக்கு வாங்கிய புத்தகம்

எங்கள் டுடோரியல் தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் ஓர் ஊதுபத்திக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே படித்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் சட்டையில் சந்தன வாசனை வரும். தினமும் முப்பது இங்கிலீஷ் வார்த்தைகள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று அர்த்தமும் எதிர்ச்சொல்லும் சொல்ல வேண்டும். தவறினால் வகுப்பு முடிகிறவரை நிற்க வேண்டும். பிறகு ஒரு பேஸேஜ், அதற்கு ஐந்து கேள்விகள். நானே ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, கையெல்லாம் மசியோடு வகுப்புக்குப் போவேன்.

தினம் ஒரு பேஸேஜுக்கு எங்கே போவது? மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடைகள் இருந்தன. தசராவுக்கு முன்னால் மைசூரில் வீடு வீடாகப் பரண் சுத்தம் செய்வார்கள். கொலு பொம்மைகள் இறங்கும். கூடவே பழைய புத்தகங்களும் இறங்கி எடைக்குப் போய்விடும். தசரா முடிந்த வாரம் நான் அந்தக் கடைகளில்தான் குடியிருப்பேன்.

அப்படி அந்த வருஷம் ஒரு தடித்த இங்கிலீஷ் ரீடர் கிடைத்தது. அட்டை கிடையாது. உள்ளே பதினைந்து இருபது பத்திகளைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஐந்தைந்து கேள்விகள் எழுதியிருந்தது. அடித்தது யோகம் என்று வாங்கி வந்தேன். அப்படியே ஸ்டென்சிலில் இறக்கினேன்.

சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் பொய். மாணவன் புத்தகத்தில் பதில் எழுதுவான். கேள்வி எழுதுகிறவர் வாத்தியாராகத்தான் இருப்பார். ஒரு தடவை அது எனக்குத் தோன்றியது. இரண்டாம் தடவை தோன்ற விடவில்லை.

கேள்விகள்தான் இரவல். பதில்கள் என் சொந்தச் சரக்கு. அதற்கு மாடல் ஆன்ஸர் என்று பெயர். ஒரு கமாகூட மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது எங்கள் டுடோரியலின் சட்டம். சுயமாக எழுதினால் இங்கிலீஷ் தப்பாகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தில்தான் எங்கள் வண்டி ஓடியது.

3. சின்னசாமி

பன்னிரண்டு பேரில் ஒருவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பெயர் சின்னசாமி. கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்தில் விவசாயக் குடும்பம். கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆகவே மைசூரில் அவர் வெளி ராஜ்யத்துக்காரர். வெளி ராஜ்யத்துக்காரர்களுக்கு இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பி.எஸ்ஸி. பாட்டனியில் நல்ல மார்க். இங்கிலீஷ்தான் இரண்டு தடவை காலை வாரிவிட்டிருந்தது. இது மூன்றாவது தடவை. நான்காவது தடவை எழுத விதியில் இடமில்லை. இதிலும் போனால் ஊருக்கு வந்து ஏரைப் பிடி என்று அப்பா சொல்லிவிட்டதாக முதல் நாளே என்னிடம் சொன்னார். தன் கதையாகச் சொல்லாமல் வேறு யார் கதையையோ சொல்வதுபோலச் சொன்னார்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். எழுந்து நிற்கச் சொன்னால் தெரிந்ததும் மறந்துவிடும். அதிகம் நின்றவர் அவர்தான்.

ஒரு நாள் அந்த ரீடரிலிருந்து ஒரு பேஸேஜ் கொடுத்தேன். ஒரு வறண்ட வருஷத்தில் முதல் மழை பெய்கிறது. ஊரே விதைக்க ஓடுகிறது. மகனைப் போருக்கு அனுப்பிவிட்ட ஒரு கிழவர் மட்டும் தன் நிலத்தின் ஓரத்துக்கு வந்து, கையிலிருந்த குச்சியை மண்ணில் ஊன்றி எடுத்து, அதன் நுனியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். அவர் அன்று ஏன் விதைக்கவில்லை என்பது மூன்றாவது கேள்வி. மகனை நினைத்த துக்கத்தில் அவருக்கு உழைக்க மனம் வரவில்லை என்று மூன்று வரியில் அழகான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு வார்த்தைகள் அந்த வார வொகாபுலரி லிஸ்டில் இருந்தவை. எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து சின்னசாமி எழுந்தார்.

"ஏனுங்க சார், அந்தப் பெரியவரு துக்கத்துல இருக்கறாப்பல தெரியலீங்க. குச்சிய மண்ணுல குத்தி நுனியப் பாக்கறாருங்க. ஈரம் எத்தன ஆழம் எறங்கியிருக்குதுன்னு பாக்கறதுங்க அது. மேலாப்புல நனைஞ்சிருந்தா வெதைக்க மாட்டோமுங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்ன கணத்திலேயே அது சரி என்று தெரிந்துவிட்டது. தப்பு என்று நினைத்திருந்தால் பொறுமையாகப் பேசியிருப்பேன்.

"இது லிட்ரேச்சர் சின்னசாமி, வெவசாயம் இல்லை," என்றேன். "ஒங்க ஊர் வயக்காட்டை இங்க கொண்டு வராதீங்க. பரீட்சையில சொந்தமா ஒரு வரி எழுதினாலும் இந்த வருஷமும் போச்சு, தெரிஞ்சுக்குங்க."

மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். பரீட்சையில் வந்தது அதே பேஸேஜ்தான்.

4. கிருஷ்ணப்பாவின் யோசனை

மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து காகிதம் வந்தது. எங்கள் பன்னிரண்டு பேரின் முடிவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாணவர்களும் ட்யூட்டரும் வியாழக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். விசாரிக்கப் போகிறவர் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் தலைவர் திருநாராயணன். மேல்கோட்டைக்காரர். அவர் வகுப்பில் இருமக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்வார்கள். பி.ஏ.யில் நானும் அவரிடம் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

டுடோரியல் முதலாளி கிருஷ்ணப்பா கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"நோடப்பா, இங்க பாரு, இந்தப் புஸ்தகம் நம்மகிட்ட இல்லவே இல்ல. வெந்நீர் அடுப்புல போட்டுடு. கேட்டா, பேஸேஜ் உன் மனசுல இருந்து வந்துச்சுன்னு சொல்லு."

எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. அன்று மாலை வீட்டில் அடுப்புக்கு முன்னால் புத்தகத்தோடு உட்காரவும் செய்தேன். என்னைத் தடுத்தது யோக்கியதை அல்ல, இன்னொரு பயம். புத்தகம் இல்லாவிட்டால் கேள்வித்தாளைத் திருடியதாகச் சொல்வார்கள். திருடியது நானா, மாணவர்களா என்று அடுத்த கேள்வி வரும். பன்னிரண்டு பேரில் யார்மேல் கை வைப்பார்கள்? இரண்டு முறை இங்கிலீஷில் தோற்று, இந்த முறை சொக்கத் தங்கமாகப் பதில் எழுதியிருக்கிறவர்மேல்தான். எந்தப் பயம் பெரிது என்று தெரியாமல் தீ அணைகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். வியாழக்கிழமை அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு நடந்தபோது, எதிரே வந்த போஸ்ட்மேனைப் பார்த்துக்கூடப் பயந்தேன்.

5. விசாரணை

நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் திருநாராயணன். அவர் பக்கத்தில் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். இந்தப் பக்கம் நாங்கள் பதின்மூன்று பேரும் சுவரோடு சுவராக நின்றோம். மேசைமேல் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன.

"மூணாவது கேள்விக்குப் பன்னெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கா, வார்த்தை மாறாம," என்றார் திருநாராயணன். "இந்தப் பதிலை எழுதிக் குடுத்தது யாரு?"

நான் என்றேன். பேஸேஜ் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிருஷ்ணப்பா சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. சின்னசாமி வரிசையின் கடைசியில் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

திருநாராயணன் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு இன்னொரு பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதல் பக்கத்துக்கே வந்தார். இருமுவதற்குக்கூட அனுமதி கேட்க வைத்தவர் பயந்துபோனதை அன்று பார்த்தேன். அது எனக்கு நிம்மதி தரவில்லை, இன்னும் பயமாகத்தான் இருந்தது. அந்த அறையில் பயப்படாத ஒருவராவது இருக்க வேண்டும் என்று என் மனசு எதிர்பார்த்திருந்தது போலும்.

சூப்பரிண்டெண்ட் பக்கம் திரும்பி, "இது என் எழுத்து," என்றார். "தசராவுக்கு எங்காத்துப் பரண்லேந்து எடைக்குப் போயிருக்கு. கேள்வியை முன்னாடியே இதிலேந்து எடுத்து எழுதி வெச்சுண்டேன், புஸ்தகம் போனது எனக்குத் தெரியாது. கேள்வித்தாளை வெளியில விட்டது நான்தான்னு எழுதிக்குங்கோ. இந்தப் பையன் திருடலை."

எழுதிக்கொள்ள சூப்பரிண்டெண்ட் தயங்கினார். திருநாராயணன் எழுதும்படி மறுபடியும் சொன்னார். எல்லோருக்கும் பத்து நாளில் புதிய கேள்வித்தாளோடு மறு பரீட்சை என்று முடிவு செய்தார்கள். நான் மூச்சு விட்டேன். விட்டது சீக்கிரம் என்று அடுத்த நிமிஷம் தெரிந்தது.

திருநாராயணன் ஒரு விடைத்தாளை உருவி எடுத்து, இது யாருடையது என்று கேட்டார். சின்னசாமி முன்னால் வந்தார்.

"மொதல்ல ரெண்டு வரி எழுதி அடிச்சிருக்கீர். மண்ணோட ஈரத்தைப் பாக்கறான்னு எழுதியிருக்கீர். இங்கிலீஷ் சுமார். ஆனா பதில் சரி. அதை அடிச்சுட்டுத் தப்பை எழுதியிருக்கீரே, ஏன்?"

சின்னசாமி குனிந்து அந்த அடித்த வரிகளைப் பார்த்தார்.

"பயமா இருந்துச்சுங்க."

"பரீட்சைக்கா?"

"இல்லீங்க. சாருக்குங்க."

சார் என்றது என்னை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருநாராயணன் புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் தேவலை.

என்னைப் பார்த்து ஒருவர் பயப்பட முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. திருநாராயணனுக்கு நான் பயப்பட்டேன், முதலாளிக்குப் பயப்பட்டேன், போஸ்ட்மேனுக்குப் பயப்பட்டேன். எனக்குக் கீழே ஒருவர், என்னைவிட மூத்தவர், சரியான பதிலைத் தன் கையாலேயே அடிக்கும் அளவுக்கு என்னிடம் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

6. பத்து நாள்

மாடல் ஆன்ஸரை நிறுத்தினேன். பேஸேஜைப் படித்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று சொல்லச் சொன்னேன். மாணவர்களுக்குக் கோபம். பரீட்சையைத் தலைமேல் வைத்துக்கொண்டு விளையாடுகிறேன் என்றார்கள். நான்கு பேர் வேறு டுடோரியலுக்குப் போய்விட்டார்கள். கிருஷ்ணப்பா கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பவில்லையே தவிர என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் செய்வது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. சின்னசாமிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. என் புதுப் புத்தியால் அவர் வாழ்க்கை போய்விடுமோ என்று அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை.

வகுப்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது அவர் பதறி எழுந்து நின்றுவிட்டார். பயம் ஒரு வார்த்தையில் போய்விடாது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இன்று பயிற்சி வகுப்பு நடத்துகிற இளையவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். மாணவன் உங்களை மறுத்துப் பேசும்போது உங்களுக்குக் கோபம் வந்தால், முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாக இருப்பதால்தான் கோபம் வருகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மாணவனைவிட வாத்தியாருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

மறு பரீட்சை முடிந்து சின்னசாமி கடைசி ஆளாக வெளியே வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்ன பேஸேஜ் என்று கேட்டேன். ஒரு நீதிபதிக்கு அவருடைய பழைய நண்பரிடமிருந்து கடிதம் வருகிறதாம். அவர் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறாராம். ஏன் என்று கேள்வி.

"நீங்க என்ன எழுதினீங்க?"

"உள்ள என்ன இருக்குதுன்னு அவருக்கு முன்னமே தெரியுமுங்க, அதனாலதான்னு எழுதினேனுங்க."

எனக்கு வேறு பதில் தோன்றியது. படித்துவிட்டால் தன் தீர்ப்பு மாறிவிடுமோ என்று நீதிபதி பயந்திருப்பார் என்று பட்டது. நான் நினைத்ததுதான் சரி, இவர் தொலைந்தார் என்று கவலைப்பட்டேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லது, போய்ச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

எட்டு நாள் கழித்து, இடம் கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். பாட்டனியில் கடைசிக்கு முந்தின பெயர் அவருடையது. அந்தக் கேள்விக்கு அவர் எழுதியது சரியா, நான் நினைத்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.