பதினேழாம் இலக்கத்து மர எலி

கலஹா தேயிலைத் தோட்டத்து எலிகளுக்குக் கறுப்பையாதான் எமன். இருபது வருசமாக தொழிலாளர் லய வீடுகளிலும் தேயிலை ஸ்டோரிலும் மருந்து வைத்துக் கொன்று, சாக்குச் சாக்காகப் புதைத்தவர். எலி ஆராய்ச்சி செய்யும் மதனி மிஸ் இந்த மனுசனைத்தான் தேடிப்பிடித்து, ஒன்றுகூடச் சாகாமல் பிடித்துத் தரவேண்டும் என்று வேலைக்கு வைத்தார். தோட்டமே சிரித்தது. கறுப்பையாவும் சிரித்தார்.

ஆறே மாதத்தில் ஆள் மாறிப்போனார். காட்டோர மரப்பொந்துகளில் சுள்ளியும் சருகும் அடுக்கி வீடு கட்டும் மர எலிகளை, காதில் மாட்டிய இலக்கத் தகட்டைப் பார்க்காமலே இன்ன இலக்கம் என்பார். பதினேழாம் இலக்கம் நாலு குட்டி போட்டிருந்தது. 'பச்சை உடம்புக்காரி' என்றுதான் அதைச் சொல்வார்.

பொழுது சாய முப்பது பொறி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே கிளையில் சிவப்பு நாடா கட்டுவார். இரவு பத்து மணிக்குப் போய், அகப்பட்டதை எடை பார்த்து வெளியே விட்டுவிட்டு, பொறியை மூடி, நாடாவை அவிழ்த்துச் சட்டைப்பையில் போடுவார். பையில் முப்பது நாடா சேர்ந்தால் வேலை முடிந்தது.

அன்று அடைமழை. அவசரமாக எண்ணினார், முப்பது. வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழியும்போதுதான் ஒரு நாடா மட்டும் வெளுத்திருந்ததைக் கண்டார். அன்று பொழுது சாயக் கட்டும்போது இற்றுப்போனதென்று மாற்றிய நாடா அது. எறியாமல் பையிலேயே விட்டிருந்தார். அப்படியென்றால் ஒரு பொறியை அவர் பார்க்கவேயில்லை.

"பாவி, என்ன காரியம் செஞ்சிட்டே" என்று தலையில் அடித்துக்கொண்டே ஓடினார். காலெல்லாம் அட்டை ஏறியது. பதினேழின் பொந்தடியில் அந்த ஒற்றை நாடா டோர்ச் வெளிச்சத்தில் ஆடியது. பொறிக்குள் தண்ணீர். பச்சை உடம்புக்காரி விறைத்துக் கிடந்தாள். நெஞ்சோடு வைத்துத் தேய்த்தார், ஊதினார், கெஞ்சினார். ஒன்றும் பலிக்கவில்லை.

பொந்துக்குள் குட்டிகள் கீச்சிட்டன. போன் எடுத்தார்.

"ஆர், கறுப்பையா அண்ணையோ?" மதனி மிஸ்ஸுக்குத் தூக்கம் கலையவில்லை.

"நான்தாங்க மிஸ். பச்சை உடம்புக்காரிய நானே கொன்னுட்டேன். குட்டிங்க கத்துதுங்க. கொண்டாரட்டுங்களா?"

"கண் திறக்காத குட்டியள், அண்ணை. தாயில்லாமல் தப்பாது. நீங்கள் வீட்டை போங்கோ, விடிய நான் வாறன்."

"இல்லங்க மிஸ். சத்தம் நிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பொந்துக்குள் குளிர் போகாதபடி இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டு குந்தினார். விடிந்து மதனி மிஸ் வந்து சேர்ந்தபோது ஒன்று மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கறுப்பையா கையை எடுக்கவில்லை.