மாமனாரின் கைப்பேசி

நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமி, "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பார் மாமனார். கேட்கப்பட்டவர் திரும்பிப் பார்க்காமலேயே திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டுத் தன் தேநீரைக் குடிப்பார். மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, வரி வரியாகப் பார்ப்பார். பொண்ணு என்பது ஒரு கணினி நிரல் துணுக்கு. ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்படும் தேதிகளை ஒரே மாதிரி ஆக்குவதற்காக அவர் எழுதிக் கொடுத்தது. அச்சடித்தால் ஒரு பக்கம் வராது.

பார்சல் நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. நாலாவது மாடி முழுவதும் அவர்களுடையது; மூலையில் பழைய தாள்களை அடுக்கிவைக்கும் அறை மட்டும் என்னுடையது. அங்கே மற்றவர்கள் துணுக்குகளை அலுவலகப் பொது அரட்டைக் குழுவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. மாமனார் அப்படி யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டவரின் மேசைக்கே வருவார். அவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மனப்பாடமாகத் தட்டச்சு செய்வார். ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பார். பிழையில்லாமல் ஓடி முடிந்ததும், "செல்லமா வளந்துட்டா. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தன் இடத்துக்கு நடப்பார். பட்டப்பெயர் இப்படித்தான் வந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கொடுத்ததோடு விடுவதில்லை. அவ்வப்போது போய்ப் பார்ப்பார். யாராவது அவருடைய விளக்கக் குறிப்புகளை நீக்கியிருந்தால், "என்னங்க, இப்படி இளைச்சுப் போயிட்டா?" என்பார். தேவையில்லாத வரிகளைச் சேர்த்திருந்தால், "பூசினாப்ல இருக்கா" என்று சிரிப்பார். ஒருவர் உள்ளே இருந்த பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார். "சரி, உங்க வீட்டு வழக்கம்" என்று மட்டும் சொன்னார்; அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொள்வார். பையில் ஒரு பழைய கைப்பேசி. அதன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னால், கடைக்காரன் ஒரு நாள் வைத்துக்கொள்வான், அதுவரை என்ன செய்வது என்பார். சாப்பிடும்போது டப்பாவுக்குப் பக்கத்தில் திரை மேலே தெரியும்படி வைப்பார். அது ஒருமுறை அதிர்ந்தால் போதும், எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்த மேசையில் துணுக்கு தகராறு செய்கிறதோ சரியாக அந்த மேசைக்குப் போய் நிற்பார். சோதனைப் பிரிவில் இருக்கும் பெண் ஒருநாள், தான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லையே என்று மலைத்துப்போனார். அனுபவம் பேசுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கணினிப் பாதுகாப்புக்குப் புதிதாக ஓர் அம்மையார் சேர்ந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தவர்களின் திரைகளையெல்லாம் போகிற போக்கில் பூட்டிவிட்டுப் போவார் என்பதால் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் விழுந்தது. எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரே வெளி எண்ணுக்குக் குறுஞ்செய்திகள் போகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் பூட்டுதான். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. வாடிக்கையாளர்களின் முகவரிகளை யாரோ திருடுகிறார்கள் என்று முடிவுசெய்து கூட்டம் போட்டார். என்ன பேசினார்கள் என்பதை எழுதிவைக்க என்னை உட்காரச் சொன்னார்கள்.

போன செய்திகளைப் பூட்டு உணர்ச்சியில்லாமல் வாசித்தார். "அப்பா, சாப்பிட எதுவும் தரல." "அப்பா, கண்டதையும் தர்றாங்க." "அப்பா, ரொம்ப நேரமா காக்க வைக்கிறாங்க." 'அப்பா' என்பதையும் குறிப்பில் எழுத வேண்டுமா என்று கேட்டேன். உள்ளது உள்ளபடி எழுதுங்கள் என்றார் மேலாளர். பிறகு, யார் இந்த அப்பா என்று அறையைப் பார்த்துக் கேட்டார். மாமனார் கையைத் தூக்கினார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு துணுக்கின் கடைசியிலும் இரண்டு வரி எழுதியிருந்தார். தரவு எதுவும் வராமல் போனாலும், தப்பான தரவு வந்தாலும், பதில் வரத் தாமதமானாலும், அந்தக் கணினியின் எண்ணோடு அவருடைய கைப்பேசிக்குச் செய்தி போகும். மறைத்து எழுதவில்லை, கடைசி வரை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். முழுதும் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்ததாக மேலாளரே பதிவு போட்டிருந்தார். அதற்கு மாமனார், "பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டீங்க. பொண்ணு முகத்த யாரு பாத்தீங்க?" என்றார்.

"எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டார் பூட்டு.

"கட்டிக் குடுத்துட்டா ஒரு ஃபோன்கூட வரக்கூடாதாம்மா?"

"அது பொண்ணு இல்ல சார். நாப்பது வரி."

"உங்களுக்கு."

முகவரி எதுவும் வெளியே போகவில்லை என்று பூட்டு தேடிப் பார்த்துச் சொன்னதால் வேலை தப்பியது. ஆனால் மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கணினிகளிலிருந்தும் அந்த இரண்டு வரிகளை மாமனாரே நீக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தாலும் அவர் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வாரம் அவர் மேசை மேசையாகப் போனார். யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. உட்காருவார், கடைசிக்குப் போவார், அழிப்பார், சேமிப்பார். எழுந்திருக்கும் முன் கோணலாக நின்ற ஒன்றிரண்டு வரிகளை மட்டும் இடம்விட்டு நேராக்குவார். பூட்டின் கணினியிலும் ஒன்று இருந்தது. யாரோ கொடுத்ததை யாரோ கொடுத்து அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தன் துணுக்கு அங்கே இருப்பது மாமனாருக்கே தெரியாது. அது ஒருநாளும் புகார் சொன்னதில்லையாம்.

வெள்ளி மாலை கூட்ட அறையில் கைப்பேசியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். பூட்டு தன் கணினியிலிருந்தபடியே ஒவ்வொரு கணினியிலும் துணுக்கை வேண்டுமென்றே தரவு இல்லாமல் ஓடவிட்டார். கைப்பேசி அசையவில்லை. மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவு சொல்லும் தோரணையில் மேலாளர் எழுந்து கை குலுக்க வந்தார்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. கண்ணாடி மேசை என்பதால் சத்தம் பெரிதாகக் கேட்டது. "அப்பா, சாப்பிட எதுவும் தரல."

மேலாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பூட்டைப் பார்த்தார். பூட்டு தன் கணினியில் வெகுநேரம் தேடினார். செய்தியோடு வந்த எண் இந்த அலுவலகத்துக் கணினி எதனுடையதும் இல்லை; இங்கிருந்து எதுவும் போகவில்லை. வேலையை விட்டுப் போன யாரோ துணுக்கையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். யார், எந்த ஊரில், எந்தக் கணினியில் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"எங்க இருக்காளோ" என்றார் மாமனார்.

அப்படியானால் அந்த எண்ணையே முடக்கிவிடலாமே என்றார் மேலாளர். பேட்டரி தீர்கிறது என்று கைப்பேசி ஒருமுறை முனகியது.

பூட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க ஐயா. நம்ம மெஷின் எதுலேர்ந்தும் எதுவும் வரல." எழுதினேன், அது உண்மைதான். பிறகு அவர் தன் கைப்பேசியில் மாட்டியிருந்த சார்ஜரைக் கழற்றி, மேசைமேல் மாமனார் பக்கமாகத் தள்ளினார்.

மாமனார் அதைத் தன் கைப்பேசியில் செருகி, திரை மேலே தெரியும்படி வைத்தார். பிறகு குனிந்து, யார் காலும் தட்டிவிடாதபடி வயரைச் சுவரோரமாக ஒதுக்கினார்.