சாயங்காலம் மட்டும் விளக்கெரியும் வீடுகள்

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் பிறந்து, தினமும் ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியும், முப்பது வயது வரை நான் அந்த மலையில் ஏறியதில்லை. காரணம் வாந்தி. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், நான் கொலுசு பற்றவைத்த பட்டறைக்கு லீவு விட்டார்கள். வீட்டில் இருந்தால் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்களே என்று பஸ் ஏறினேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட் அப்போது ஏழு ரூபாய். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பதினெட்டு வரை கௌரவமாக வந்தேன். மீதி இரண்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஏரியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் கொட்டச்சேடு பஸ்ஸில் ஏறி நடுவழியில் இறங்கினேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். “கடைசி பஸ் ஆறரைக்குத் திரும்புமுங்க. பனி எறங்குனா ரோடு தெரியாது, தூரமாப் போயிராதீங்க” என்றார் கண்டக்டர். தூரமாகத்தான் போனேன்.

பொழுது சாய்கிற நேரத்தில், காப்பித் தோட்டம் முடிகிற சரிவில் புது வீடுகள் ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் விளக்கு எரிந்தது. கொடியில் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்புப் புகை இல்லை. நாய் இல்லை, கோழி இல்லை, பிள்ளை அழுகிற சத்தம்கூட இல்லை. ஒரு சன்னலில் எட்டிப் பார்த்தேன். விளக்கு, பாய், குடம். நடுவில் சிமெண்டுத் தரை ஓரிடத்தில் மட்டும் அமுங்கியிருந்தது. ஓர் ஆள் நீளம். அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டிலும். எனக்கு மலை ஏறிய மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள என்னத்தத் தேடறீங்க?”

பின்னால் மண்ணெண்ணெய் டப்பாவோடு ஒரு பெண். ராசம்மா, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். தண்ணீர் கேட்க வந்தேன் என்று உளறினேன்.

“இங்க யாரும் குடியில்லீங்க. தண்ணி வேணும்னா மேல எங்க குடிசைக்கு வரோணும். எங்க சொம்புல குடிப்பீங்களா?”

“காப்பின்னா ரெண்டு சொம்பு குடிப்பேனுங்க.”

சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் சாதிக்கு ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும், டீக்கடையில் மற்றவர்கள் கிளாஸில் குடிக்கவும் தலைமுறை தலைமுறையாகத் தடை. அந்த அநியாயத்துக்கு ஈடாக வீடு கட்டித் தருவதாகப் பஞ்சாயத்து யூனியனில் தீர்மானம் போட்டார்கள். வீட்டுக்குப் பணம் வந்தது. நிலம் தரத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

“கடசீல எங்க பொணம் பொதைக்கற காட்டையே எங்களுக்குக் குடுத்தாங்க. எந்த ஊட்ல பாத்தாலும் ஒருத்தராச்சும் கீழ படுத்திருக்காங்க. இந்த ஊட்ல எங்கம்மா.”

குடியிருக்காவிட்டால் பட்டா ரத்து. வேண்டாம் என்றால், கொடுத்தும் வாங்கவில்லை என்று பைலை மூடிவிடுவார்கள். அதனால் தினமும் பொழுது சாய விளக்கேற்றி, கொடியில் ஈரச்சேலை போட்டுவிட்டுக் குடிசைக்குத் திரும்பிவிடுவார்களாம். மேல் ரோட்டில் போகும் யூனியன் அதிகாரியின் ஜீப்புக்கு வெளிச்சம் தெரிந்தால் போதும்.

அன்று அந்த ஜீப்பே இறங்கி வந்தது. மேலே குடிசைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்து ஆளுக்கொரு வீட்டில் புகுந்தார்கள். ராசம்மா என் கையைப் பிடித்தார். “எங்கூட்டுக்காரரு சேலம் ஆஸ்பத்திரீல கெடக்கறாருங்க. எங்கண்ணனாட்டம் உக்காந்துக்கோங்க. வாய மட்டும் தொறக்காதீங்க.” இது எனக்குக் கஷ்டமான வேலை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பள்ளத்தைச் சுற்றிப் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். சுவர் சில்லென்றிருந்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் தரை அதைவிடச் சில்லென்றிருந்தது.

அதிகாரி உள்ளே வந்தார். நேராகப் பள்ளத்தில் போய் நின்றார். “குடி வந்துட்டீங்களா?” ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தங்கும். ராசம்மா அவர் காலையே பார்த்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க எங்கம்மா மேல நிக்கறீங்க.”

அதிகாரி வெளியே போய் கட் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வீடு வீடாகப் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அளக்கறப்பவே யாரும் சொல்லலையாம்மா?”

“சொன்னோமுங்க. காலி எடந்தானேன்னாங்க.”

“வேற எடம் எங்க இருக்குது?”

“தார் ரோட்டு மேல இருக்குதுங்க. ஊரை ஒட்டி.”

மேலே பஸ் ஹாரன் கேட்டது. வாசல் இருட்டில் காலை நுழைத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன்.

மறு வருஷம் திரும்பப் போனேன். தார் ரோட்டு மேல், ஊரை ஒட்டியே, அந்த அதிகாரி வாங்கிக் கொடுத்த நிலத்தில் புது வீடுகள். ராசம்மா வீட்டில் புகை வந்தது. ஊர்க்காரர்கள் ஆறு மாதம் முறைத்தார்களாம், பிறகு கழுத்து வலித்து விட்டுவிட்டார்களாம். காப்பி சொம்பில்தான் கொடுத்தார், இரண்டு முறை. கீழே பழைய வீடுகளின் சுவர்களை எடுத்துவிட்டார்கள். தரை மட்டும் கிடக்கிறது. செய்த அநியாயத்துக்கு ஈடு கொடுக்க வருகிறவர்கள், கொடுக்கிற இடத்தில் முதலில் வெறுங்காலோடு நின்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு: ஐப்பசியில் போனால் ஸ்வெட்டர் அவசியம். எலுமிச்சம்பழம் இரண்டாக வாங்குங்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே சுவர் இல்லாத சிமெண்டுத் தரையைப் பார்த்தால் அங்கே கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள்.

ஜீப் வந்த அன்று எனக்குக் கடைசி பஸ் கிடைத்தது. சேலத்தில் இறங்கி விளக்கு வெளிச்சத்தில் காலைப் பார்த்தேன். அதிகாரியின் கட் ஷூ. ஒரு சைஸ் பெரியது.