கமலாவின் நீல டிராகனுக்கு வார்னிஷ்

இன்று காலை செலண்டாரிலிருந்து பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனேன், வார்னிஷ் வாங்க.

கதவுக்கு இல்லை. போன மாதம் காலமான என் மனைவி கமலா, கட்டைவிரல் உயர டிராகன் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவார். அவற்றைத் துடைத்தால் வண்ணம் என் விரலோடு வந்துவிடுகிறது.

மாடல் பொம்மைகளும் பெயிண்டும் விற்கும் கடையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். "பளபளப்பா வேணுமா அங்கிள், மங்கலா வேணுமா?"

"எது நல்லதும்மா?"

"அடிக்கடி கையில எடுப்பீங்கன்னா பளபளப்பு, அதுதான் கெட்டி. சும்மா அலமாரியில வச்சுப் பார்க்க மங்கலே போதும்லா."

"அடிக்கடி எடுப்பேன்" என்று, கொண்டுபோயிருந்த நீல டிராகனைக் காட்டினேன்.

அவள் உற்றுப் பார்த்துச் சிரித்தாள். "அய்யோ, இதுக்குக் கண்ணே வைக்கலியே! யாரு பெயிண்ட் பண்ணது?"

"என் வைஃப்."

"முதல்ல ஆன்ட்டிய கண்ணை வரைஞ்சு முடிக்கச் சொல்லுங்க அங்கிள். வார்னிஷ் எப்பவும் கடைசிலதான்."

கோயில் சிலைக்குச் செய்வதுபோல, கண்ணைக் கடைசியில்தான் திறப்பேன் என்பார் கமலா.

"சொல்றேன்மா" என்று பாட்டிலுக்குப் பணம் கொடுத்தேன்.

வார்னிஷ் பாட்டிலும் டிராகனும் இப்போது மேசைமேல் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதாமல் விட்ட இடத்தில் ஒருநாளும் என் பேனாவை வைத்ததில்லை.

என் பழைய மாணவர்களே, அந்தக் கண்களை உங்கள் சார் வைக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா? சரியான விடை என்னிடம் இல்லை. அதனால் பதில் போடும் எல்லாருக்கும் முழு மதிப்பெண்.